கல்லு பார்க்கப் போறோம், வல்லெட்டாவுக்கு

அப்பா 34 வருஷம் கல் பட்டறையில வேலை பார்த்தாரு. முதல்ல உளியும் சுத்தியும் தான், அம்மி ஆட்டுக்கல்லு கொத்துற வேலை, அப்புறம் எங்க கிருஷ்ணகிரி பர்கூர் பக்கம் கிரானைட் கம்பெனிங்க வரிசையா வந்ததும் பாலிஷ் மிஷினுக்கு மாறினாரு, கடைசி பதினஞ்சு வருஷம் ஒரே அயிட்டம், வெளிநாட்டுக்குப் போற கல்லறைக் கல்லு. பட்டறையில அதை மானுமெண்ட்னு சொல்லுவாங்க. மேல வளைவா ஒண்ணு, இதய வடிவத்துல ஒண்ணு, ஓரத்துல ரோஜாப்பூ செதுக்கினது ஒண்ணுன்னு விதவிதமா இருக்கும், மரப்பெட்டியில அடுக்கி கன்டெய்னர்ல ஏத்தி சென்னை துறைமுகத்துக்கு அனுப்பிடுவாங்க, அங்கிருந்து ஐரோப்பா. பேரு எழுதுற இடத்தை மட்டும் வெறுமையா விட்டுடுவாங்க, அங்க போன பிறகு தான் செத்தவங்க பேரை வெட்டுவாங்களாம். அந்த வெறும் இடத்தை கண்ணாடி மாதிரி ஆக்குறது தான் அப்பா வேலை. குனிஞ்சு பார்த்தா அவர் முகம் அதுல கலங்காம தெரியணும், அப்போ தான் அந்தக் கல்லு பாஸ்.

வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷம் ஒருநாள் ராத்திரி களி சாப்பிட்டுட்டு இருக்கும்போது திடீர்னு சொன்னாரு, "ஏம் பாப்பா, இத்தனை கல்லு அனுப்பிச்சோம், ஒண்ணாவது நட்டு வெச்சதை நான் பார்த்ததே இல்ல."

எனக்கு அன்னிக்கு தூக்கம் வரல. ஓசூர்ல கம்பெனி வேலை, கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, கல்யாணத்துக்குன்னு அம்மா சீட்டு கட்டுறது வேற கணக்கு, அதைத் தொடல. அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆனா எங்க? அவர் பாலிஷ் போட்ட கல்லு எந்த நாட்டுல எந்த ஊர் கல்லறையில நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது, பட்டறையிலயே கேட்டுப் பார்த்தேன், பழைய பில்லெல்லாம் இல்லன்னுட்டாங்க. அப்போ, நினைவுக்கல்லுன்னு ஒண்ணை மதிக்கிற ஊரா பார்த்து காட்டிடலாமேன்னு தோணுச்சு. தேடிட்டே இருந்தப்போ தான் வல்லெட்டா மாட்டுச்சு.

மால்டான்னு ஒரு குட்டித் தீவு நாடு இருக்கு, இத்தாலிக்குக் கீழ, மத்தியதரைக் கடலுக்கு நடுவுல. அதோட தலைநகரம் தான் வல்லெட்டா. ஐரோப்பிய யூனியன் நாடுகள்லயே இது தான் ரொம்ப சின்ன தலைநகரம், ஒரு சதுர கிலோமீட்டர் கூட கிடையாது. யுனெஸ்கோ 1980-ல பாரம்பரிய இடமா அறிவிச்சப்போ 55 ஹெக்டேருக்குள்ள 320 பழைய கட்டடம்னு கணக்கு சொல்லியிருக்காங்க. 55 ஹெக்டேர்னா நம்ம கணக்குல 136 ஏக்கர். அப்பாகிட்ட இதைச் சொன்னதும், "ஒரு பெரிய மாந்தோப்பு அளவுக்கு தான தலைநகரமா"ன்னு கேட்டாரு. ஆமா, மொத்த தோப்பும் கல்லு.

அந்த ஊர்ல செயின்ட் ஜான்ஸ்னு ஒரு பெரிய சர்ச். அதோட தரை முழுக்க கல்லறைக் கல்லு தான், சுமார் 400 இருக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பதிச்சிருக்காங்க. அந்த ஊரைக் கட்டின செயின்ட் ஜான் சபைங்கிற கிறிஸ்தவ வீரர்களோட கல்லு. சாதாரணக் கல்லு இல்ல, கலர் கலரா மார்பிளை வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இழைச்சு, சிங்கம், கிரீடம், எலும்புக்கூடு, கப்பல், குடும்ப முத்திரைன்னு படமாவே செஞ்சிருக்காங்க. போட்டோவை டேப்ல பெருசாக்கி அப்பாகிட்ட காட்டினேன். பத்து நிமிஷம் பேசவே இல்ல. ஒரு எலும்புக்கூட்டோட விலா எலும்பு வளைவை விரலால தடவிட்டே இருந்தாரு, அப்புறம், "இந்த ஜாயின்ட்டுல ஒட்டின மசாலா தெரியவே இல்ல பாரு, எப்புடி அறுத்திருப்பான்"னாரு. அவ்ளோ தான், இடம் முடிவாயிடுச்சு.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. தர்மபுரி மியூசியத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும், வரிசையா நடுகல்லு வெச்சிருப்பாங்க, மாடு மீட்கப் போய் செத்தவன், ஊரைக் காப்பாத்தி செத்தவன், கையில வில்லும் வாளுமா நிப்பான், மேல வட்டெழுத்துல ராஜா பேரும் ஆண்டும் இருக்கும். செத்த வீரனுக்கு கல்லு நடுறது நம்ம மண்ணுல ஆயிரத்து ஐந்நூறு வருஷப் பழக்கம். அப்பா சின்ன வயசுல அவங்க ஊர் ஏரிக்கரை நடுகல்லுக்கு பொங்கல் வெச்சு கும்பிட்டவர். அதனால தான் அந்த சர்ச் தரையைப் பார்த்ததும் அவருக்கு அது வேற சாமின்னு தோணல, "அங்கயும் வீரக்கல்லு தான்"னு சொல்லிட்டாரு. கால் வெச்சு நடக்குற மாதிரி பதிச்சிருக்காங்களேன்னு மட்டும் கொஞ்சம் வருத்தம். குதிகால் கூரான செருப்பு போட்டுட்டு அதுக்குள்ள விட மாட்டாங்கன்னு படிச்சு சொன்னேன், கல்லு கீறிடும்னு. அதுக்கப்புறம் சமாதானமாயிட்டாரு.

சரி பிளானுக்கு வர்றேன். நம்ம பக்கத்துல இருந்து இப்படி ஒரு ஊருக்கு வயசானவங்களை கூட்டிட்டுப் போறதுக்கு நான் பட்ட பாடு இன்னொருத்தருக்கு மிச்சமாகட்டும்னு தான் விவரமா எழுதுறேன்.

முதல்ல எப்போ போறதுன்னு. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு, பெங்களூராவும் கொஞ்சம் மல்கோவாவும், ஏப்ரல் பொறந்துட்டா அம்மாவும் அப்பாவும் நகர முடியாது, மே ஜூன்ல கூழ் பேக்டரிக்கு லோடு போற நேரம் வேற. மால்டாவுல ஜூலை ஆகஸ்ட் வெயில் கொளுத்தும், கூட்டமும் அப்போ தான். அக்டோபருக்கு மேல அங்க மழை. ஆக மார்ச் தான் ரெண்டு பக்கமும் ஒத்துவருது, 11-ல இருந்து 17 டிகிரி வரைக்கும் இருக்குமாம், மார்கழியில ஓசூர் காலைநேரம் மாதிரின்னு வெச்சுக்கலாம், ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும். தேதி பார்த்துட்டு இருக்கும்போது இன்னொரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. வல்லெட்டாவுக்கு அஸ்திவாரக் கல்லு நட்டது 1566 மார்ச் 28. இந்த 2026 மார்ச் 28-க்கு சரியா 460 வருஷம். அன்னிக்கு அப்பா அந்த ஊர்ல இருக்கணும்னு ஆசை வந்துடுச்சு, அதனால யுகாதி முடிஞ்ச கையோட மார்ச் 22 கிளம்பி 30-ஆம் தேதி திரும்புற மாதிரி வெச்சிருக்கேன். அம்மா வரலன்னுட்டாங்க, பூ பிஞ்சாகுற நேரம் தோப்பை யார்கிட்ட விட்டுட்டு வர்றதுன்னு.

இதுல ஒண்ணு கவனிக்கணும், ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறு விடியக்காலை கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னாடி தள்ளி வெப்பாங்க. இந்த வருஷம் அது 29-ஆம் தேதி வருது. அதாவது நாங்க போறப்போ நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், திரும்பும்போது மூணரை. அன்னிக்கு ரிட்டர்ன் பிளைட் இருக்குறவங்க சுவத்துக் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்திருந்தா பிளைட் போயிடும். அதனால தான் நான் 29 எடுக்காம 30 எடுத்தேன்.

டிக்கெட் கதை தான் பெரிய கதை. இந்தியாவுல இருந்து மால்டாவுக்கு நேரடி பிளைட் கிடையாது. நான் முதல்ல ஒரு புக்கிங் சைட்ல ரொம்ப கம்மி விலைக்கு வந்ததைப் பார்த்து அவசரப்பட்டு போட்டுட்டேன். பெங்களூர்ல இருந்து வளைகுடா வழியா இத்தாலியில மிலான், அங்கிருந்து மால்டா, ஆளுக்கு 55 ஆயிரம் கூட இல்ல. ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, அடிக்கடி வெளிநாடு போறவங்க, டிக்கெட்டை வாங்கிப் பார்த்துட்டு, "ஏய் இது ரெண்டு தனித்தனி டிக்கெட்டு, மல்பென்சாவுல இறங்கி பெர்கமோவுல ஏறணும், கவனிச்சியா"ன்னாங்க. ரெண்டும் மிலான் ஏர்போர்ட்டுன்னு தான் போட்டிருக்கும், ஆனா நடுவுல கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், நம்ம கிருஷ்ணகிரியில இருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போற தூரம். பெட்டியை எடுத்து, பஸ் புடிச்சு, திரும்ப செக்கின் பண்ணி, முதல் பிளைட் லேட்டானா ரெண்டாவது பிளைட்காரன் நமக்காக நிக்க மாட்டான், பணமும் திரும்பாது. முட்டிவலி இருக்குற 66 வயசுக்காரரை வெச்சுட்டு இதெல்லாம் நடக்குற காரியமா. கேன்சல் பண்ணினேன், 11 ஆயிரம் போச்சு. மூணு நாள் சரியா சாப்பிடல. அப்பாகிட்ட இன்னும் சொல்லல, இதைப் படிக்கிறவங்க யாரும் சொல்லிடாதீங்க.

அப்புறம் ஒழுங்கா உட்கார்ந்து பார்த்தேன். லண்டன் வழியா போறது இன்னொரு வழி, ஆனா இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்க பிளைட் மாத்துறதுக்குக் கூட தனியா டிரான்சிட் விசா எடுக்கணும், நம்ம செங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்துக் குடுக்குற பொது விசா, அதுக்கு உதவாது, அதனால அந்த வழியை விட்டாச்சு. துபாய் தோஹா பக்கமா போனா நாலு நாலரை மணியில ஒரு தடவை இறங்கி காலை நீட்டிக்கலாம், அது ஒரு வசதி. ஆனா எங்களுக்குத் தோதான நேரத்துல வந்தது ஜெர்மனியில இருக்குற பிராங்பர்ட் வழி, பெங்களூர்ல இருந்து நேரா பிராங்பர்ட், பத்து மணிநேரம் பக்கம், அங்கிருந்து மால்டா இரண்டரை மணிநேரம். ஒரே டிக்கெட், பெட்டியை பெங்களூர்ல போட்டா மால்டாவுல எடுத்துக்கலாம், முதல் பிளைட் லேட்டாகி அடுத்தது போச்சுன்னா அடுத்த பிளைட்ல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. ஆளுக்கு 74 ஆயிரம் ஆச்சு. 19 ஆயிரம் அதிகம் தான், ஆனா அந்த காசு நிம்மதிக்கு.

பிராங்பர்ட்ல நடுவுல ஒண்ணரை மணிநேரம் இருக்குற டிக்கெட்டும் இருந்துச்சு, நான் வேணும்னே நாலு மணிநேரம் இருக்குறதை எடுத்தேன். செங்கன் நாடுகளுக்குள்ள எந்த ஊர்ல முதல்ல கால் வெக்கிறோமோ அங்க தான் இமிகிரேஷன், அதனால எங்களுக்கு ஜெர்மனியிலயே முடிஞ்சிடும், மால்டாவுல இறங்குறது உள்ளூர் பஸ்ல இறங்குற மாதிரி. 2025 அக்டோபர் 12-ல இருந்து புது சிஸ்டம் படிப்படியா கொண்டுவந்திருக்காங்க, பாஸ்போர்ட்ல சீல் அடிக்கிறதுக்கு பதிலா முகத்தை போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க, விரலையும் விசாவுக்குக் குடுத்ததோட ஒத்துப் பார்ப்பாங்க. க்யூ எவ்ளோ நேரம் இழுக்கும்னு சொல்ல முடியாது.

வீல்சேர் கேட்க அப்பா ஒத்துக்கவே இல்ல. "நான் என்ன நோயாளியா, இன்னும் மலையேறுவேன்"ன்னு சண்டை. சையத் பாஷா மலைக்கு அவர் ஏறினது இருபது வருஷம் முன்னாடி. பிராங்பர்ட் ஏர்போர்ட்ல ஒரு கேட்ல இருந்து இன்னொரு கேட்டுக்கு எவ்ளோ நடக்கணும்னு மேப் எடுத்துக் காட்டினதுக்கு அப்புறம் தான் வாயை மூடினாரு. ஐரோப்பிய சட்டப்படி இந்த உதவிக்கு ஒரு பைசா வாங்கக் கூடாது, 48 மணிநேரம் முன்னாடி சொல்லிட்டா போதும், டிக்கெட் போடும்போதே சொல்லிட்டா இன்னும் நல்லது. சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. 'இந்து மீல்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும், நம்ம ஆளுங்க சைவம்னு நினைச்சு அதைப் போட்டுடுறாங்க, அதுல மாட்டுக்கறி தான் இருக்காது, மத்த கறி வரும். சுத்த சைவம் நம்ம மசாலாவுல வேணும்னா ஏ.வி.எம்.எல்னு ஒண்ணு இருக்கு, அதைக் கேட்கணும்.

விசாவுக்கு வந்தா, மால்டா தான் நாங்க தங்குற நாடு, அதனால ஜெர்மனி வழியா போனாலும் மால்டாவுக்குத் தான் அப்ளை பண்ணணும். இதுல நிறைய பேர் குழம்பிடுறாங்க. ஆறு மாசம் முன்னாடியே போடலாம், கடைசி 15 நாளுக்குள்ள போனா எடுக்க மாட்டாங்க. பீஸ் 90 யூரோ, நம்ம காசுல ஒம்பதாயிரத்துக்கு மேல வருது, சர்வீஸ் சார்ஜ் தனி. 30 ஆயிரம் யூரோவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம், வயசானவங்களுக்கு பிரீமியம் கூட, ஆனா பாலிசியில ஏற்கனவே இருக்குற வியாதிக்கு என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிச்சுட்டு வாங்குங்க. அப்பாவுக்கு பட்டறை தூசியில வந்த இருமல் உண்டு, நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, பிளைட் ஏறலாம்னு எழுதி வாங்கிட்டு தான் அடுத்த வேலையே பார்த்தேன். பேங்க் ஸ்டேட்மென்ட், என் ஐ.டி ரிட்டர்ன், கம்பெனி லீவ் லெட்டர், தோப்போட சிட்டா நகல், ரூம் புக்கிங், எல்லாம் ஒரு பைல். கவரிங் லெட்டர்ல ஏன் போறீங்கன்னு எழுதணும். சுற்றுலான்னு ஒரு வரி போட்டா போதும்னாங்க. எனக்கு மனசு வரல, எங்கப்பா 34 வருஷம் கல் வேலை செஞ்சவர், உங்க ஊர் கல் வேலையை கண்ணால பார்க்க வர்றார்னு ஒரு பாராவே எழுதினேன்.

எனக்கு ராத்திரியெல்லாம் பயம் வேற ஒண்ணுல. அப்பாவோட கைரேகை.

கல்லுல கை வெச்சவங்களுக்குத் தெரியும். தண்ணியும் பாலிஷ் பவுடரும் கல்லுத் தூளும் சேர்ந்து விரல் நுனியை தேய்ச்சு தேய்ச்சு வழவழன்னு ஆக்கிடும். அப்பா கட்டைவிரலைப் பார்த்தா கோடே இருக்காது, ஓரத்துல மட்டும் கொஞ்சம். ஆதார் எடுக்கும்போதே நாலு தடவை அலைஞ்சோம். ரேஷன் கடையில விரல் வெச்சா மிஷின் கத்தும், இப்போ கண்ணை வெச்சு தான் அரிசி வாங்குறாரு. விசாவுக்கு பத்து விரலும் வெக்கணும்னு படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் ரூல் முழுசா தேடிப் படிச்சேன், ரேகை எடுக்கவே முடியாதவங்களுக்கு விலக்கு உண்டு, சில விரல் மட்டும் கிடைச்சா கிடைக்கிற வரைக்கும் எடுத்தா போதும்னு தெளிவா இருக்கு. கல், செங்கல், சிமெண்ட் வேலை பார்த்த அப்பா அம்மா இருக்குற பிள்ளைங்க இதை ஞாபகம் வெச்சுக்குங்க, ரேகை இல்லன்னு யாரும் உங்களை திருப்பி அனுப்ப முடியாது.

ஆனாலும் ஒரு வாரம் முன்னாடியே ராத்திரி ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி, வெந்நீர்ல கையை ஊற வெச்சு, தோட்டத்துல மம்பட்டி புடிக்க விடாம பார்த்துக்கிட்டேன். அப்பாயின்ட்மென்ட் அன்னிக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி டிராபிக்ல நின்னு, பெங்களூர் விசா சென்டர்ல உட்கார்ந்தோம். இடது கை நாலு விரல் வெச்சாரு, சிவப்பு லைட்டு. திரும்ப வெச்சாரு, சிவப்பு. அந்தப் பொண்ணு, இருபத்தி நாலு வயசு இருக்கும், கன்னடம் கலந்த தமிழ்ல, "அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க, என்ன வேலை செஞ்சீங்க"ன்னு கேட்டுச்சு. கல்லு வேலைம்மான்னாரு. ஈர டிஷ்யூ எடுத்து ஒவ்வொரு விரலா அதுவே துடைச்சு விட்டு, தன் கையை அப்பா கை மேல வெச்சு மெதுவா அழுத்திச்சு. இருபது நிமிஷம் ஆச்சு. ஏழு விரல் விழுந்துச்சு, மூணு விழல, அதைக் குறிச்சுக்கிட்டு போதும் அங்கிள்னு சொல்லிடுச்சு. வெளிய வந்து அப்பா தன் ரெண்டு கையையும் விரிச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டே நின்னாரு.

பதினேழு நாள் கழிச்சு கூரியர் வந்துச்சு. ரெண்டு பாஸ்போர்ட்லயும் விசா. இந்த ரேகை 59 மாசத்துக்கு சிஸ்டத்துல இருக்கும், அதுக்குள்ள இன்னொரு தடவை போனா திரும்ப விரல் வெக்க வேண்டியதில்ல.

இனி அங்க போய் என்ன பார்க்கிறதுங்கிறது. வல்லெட்டா முழுக்க ஒரே கல்லுல கட்டின ஊர், தேன் கலர் சுண்ணாம்புக் கல்லு, அவங்க பிராங்கான்னு சொல்றாங்க. கடல்ல மிதக்குற கண்ணுக்குத் தெரியாத உயிர்களோட ஓடு கோடிக்கணக்கா அடியில படிஞ்சு இறுகினது, ரெண்டு கோடி வருஷம் பக்கம் வயசு. நம்ம கிருஷ்ணகிரி பாறைக்கு கிட்டத்தட்ட 250 கோடி வருஷம், பூமிக்குள்ள நெருப்புல வெந்தது. அதனால நம்மது வைரம் பதிச்ச பிளேடு இல்லாம வளையாது, அவங்க கல்லு குவாரியில இருந்து எடுக்கும்போது ரம்பத்துலயே அறுபடும், வெளிய காத்து பட்டப்புறம் மேல்தோல் இறுகிடும். அப்பாவுக்கு இது தலைகீழ் உலகம். "மெத்துன்னு இருக்குற கல்லுல கோட்டை கட்டி எப்புடிடா பீரங்கிக்கு நின்னான்"ன்னு கேட்டுட்டே இருக்காரு. 1565-ல துருக்கி படை வந்து நாலு மாசம் கிட்ட முற்றுகை போட்டு, முடியாம திரும்பிப் போச்சு. அடுத்த வருஷமே அந்த வீரர்களோட தலைவர் வலெட் இந்த ஊருக்கு கல்லு நட்டாரு, அவர் பேரு தான் ஊருக்கும். 1568-லயே இறந்துட்டாரு, முழு ஊரை அவர் பார்க்கல. அதே சர்ச்சுக்கு அடியில தான் அவரோட சமாதி. அதை மார்ச் 28 அன்னிக்கு பார்க்கலாம்னு இருக்கேன்.

சர்ச்சுக்குள்ள இத்தாலி ஓவியர் கரவாஜ்ஜியோ 1608-ல வரைஞ்ச பெரிய ஓவியம் ஒண்ணு இருக்கு, இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யோவானோட தலையை வெட்டுற காட்சி, அவர் கையெழுத்து போட்ட ஒரே ஓவியம் அது தான், அதுவும் கழுத்துல இருந்து வழியிற ரத்தத்துல எழுதின மாதிரி. நான் அதுக்கு காத்திருக்கேன், அப்பா தரையைப் பார்த்துட்டு இருக்கட்டும்.

ரூமை ரிபப்ளிக் ஸ்ட்ரீட் பக்கமே போட்டிருக்கேன். ஊர் ஒரு மேட்டு முதுகுல இருக்கு, அந்த நடுத்தெரு மட்டும் கொஞ்சம் சமம், ரெண்டு பக்கமும் கடலுக்கு இறங்குற தெருவெல்லாம் படிக்கட்டு. பழைய வீடுங்கள்ல லிப்ட் இருக்காதுங்கிறதால தரைத்தளம்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். துறைமுகத்துக்கு இறங்கி ஏற அப்பர் பராக்கா தோட்டத்துக்கிட்ட 58 மீட்டர் லிப்ட் ஒண்ணு இருக்கு, அதுல இறங்கி படகு புடிச்சு அக்கரை பழைய ஊருக்குப் போயிட்டு வரலாம். அந்தத் தோட்டத்துக்குக் கீழ தான் தினமும் மத்தியானம் 12 மணிக்கு பீரங்கி வெடிப்பாங்க.

தண்ணி விஷயத்துல தான் நம்ம ஜில்லாவும் அவங்களும் ஒண்ணு. தீவுல ஆறே இல்ல. வல்லெட்டா கட்டும்போது ஒவ்வொரு வீட்டுலயும் மழைத்தண்ணி தொட்டி பாறையில வெட்டியே ஆகணும்னு சட்டம் போட்டிருந்தாங்க, அப்புறம் 1615-ல கல் கால்வாய் கட்டி ஊருக்குள்ள தண்ணி கொண்டுவந்தாங்க, இப்போ குழாய்ல வர்றதுல பாதிக்கு மேல கடல்தண்ணியை சுத்திகரிச்சது. போர்வெல் தண்ணி குடிச்சு பல்லு காவியேறின ஜனங்க நாம, ஒகேனக்கல் தண்ணி வீட்டுக் குழாய்ல வந்த முதல் நாள் எங்க தெருவே கூடி நின்னு பார்த்துச்சு. அந்தத் தொட்டி ஒண்ணை கண்டிப்பா பார்க்கணும்னு எழுதி வெச்சிருக்கேன்.

அப்புறம் ஹைபோஜியம். 1902-ல தண்ணித் தொட்டிக்கு தோண்டும்போது வேலையாளுங்க கண்ணுல பட்டது, பூமிக்கு அடியில பாறையைக் குடைஞ்சு செஞ்ச சமாதி அறைங்க, 5000 வருஷத்துக்கு மேல பழசு, இரும்பே தெரியாத காலத்துல கல்லையும் மான்கொம்பையும் வெச்சு குடைஞ்சது. ஒரு தடவைக்கு பத்து பேர், ஒரு நாளைக்கு 80 பேர் தான் விடுவாங்க, மூச்சுக்காத்து பட்டே உள்ள கெட்டுடும்னு. டிக்கெட் வாரக்கணக்கா முன்னாடியே தீர்ந்துடும், பிளைட் போட்ட அன்னிக்கே இதையும் போட்டுடுங்க. ஹஜர் இம்னு கடலோரத்துல கல் கோயில் இருக்கு, அதுல ஒரு கல்லு 20 டன் இருக்கும். சூளகிரி பக்கம் மல்லசந்திரம் மலையில பலகைக் கல்லு நிறுத்தி மேல ஒரு கல்லு மூடின கல்திட்டைங்க இருக்கு, குள்ளர் வீடுன்னு சொல்லுவாங்க, அதை நாலு தடவை ஏறிப் பார்த்தவர் அப்பா. கிரேன் இல்லாம எப்புடி தூக்கியிருப்பான்னு எனக்கு அங்க வகுப்பே எடுத்தவர். அதே வகுப்பை ஹஜர் இம்லயும் கேட்கணும்.

பொட்டலம் கட்டுறதுல ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவுக்குள்ள பால், நெய், கறியெல்லாம் கொண்டு போகக் கூடாது, எதுக்கு வம்புன்னு அம்மா நெய் ஊத்தி செஞ்ச மைசூர்பாக்கும் வீட்டுலயே நின்னுடுச்சு. பழமும் காயும் கூட சான்றிதழ் இல்லாம கூடாது, வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் மட்டும் விலக்கு. மாங்கா இல்ல. எள்ளுருண்டை, கடலை மிட்டாய், புளிக்காய்ச்சல், ராகி மாவு எடுத்துக்கிறோம். பிளக்கு அங்க பழைய பிரிட்டிஷ் மாடல், சதுரமா மூணு கட்டை, அடாப்டர் ஒண்ணு வாங்கிட்டேன்.

நேத்து பெட்டி அடுக்கினேன். நான் துணியை மடிச்சுட்டு இருக்கும்போது அப்பா பரணையில இருந்து ஒரு சணல் பையை இறக்கினாரு. உள்ள அவரோட பழைய சின்ன சுத்தி, மரப்பிடி வேர்வையில கறுத்துப் போய் இருக்கு, தாத்தா குடுத்தது. பட்டறையில கல்லு இறக்கினதும் முதல்ல அதால தட்டி காதை வெச்சுக் கேட்பாரு, கணீர்னு வந்தா நல்ல கல்லு, சத்தம் செத்துப் போய் வந்தா உள்ள விரிசல்.

"ப்பா, இதை கைப்பையில வெச்சா ஏர்போர்ட்ல புடுங்கிடுவாங்க. பெரிய பெட்டியில போட்டாலும், அங்க சுவத்துல தட்ட விட மாட்டாங்கப்பா."

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. சுத்தியை திரும்ப சணல் பையிலயே சுத்தி வெச்சாரு. அப்புறம் நடுவிரலை மடக்கி வாசப்படி கல்லுல ரெண்டு தட்டு தட்டி, தலையை சாய்ச்சுக் கேட்டுட்டு என்னைப் பார்த்தாரு.

"இப்புடி தட்டலாம்ல பாப்பா?"